கிலுகிலுப்பைக் கூடை

மே 7

நேற்று புனித கியோர்கி திருநாள். ஆட்டுக்கறி பாதிச் சட்டி மிச்சம். என் புருஷன் மின்கோ காலையிலும் அதையே தட்டில் எடுத்து வைத்துக்கொண்டான். வயிறு கெட்டால் என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டேன். தொழிற்சாலையில் எல்லார் முகத்திலும் விடுமுறைத் தூக்கம். உலைகளுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. இரண்டாம் உலை தன் தொள்ளாயிரத்து முப்பது டிகிரியில் சாதுவாக நின்றது. எழுத வேறொன்றும் இல்லை.

மே 9

கூடை அறுந்துவிட்டது.

காலை, கிரேன் ஓட்டும் பெனா கம்பிக் கூடையை உலையிலிருந்து தூக்கி, சூட்டை ஆற்றும் எண்ணெய்த் தொட்டிக்கு மேலே கொண்டுவந்தாள். கூடை நிறையச் செக்கச்சிவந்த பல்சக்கரங்கள். பாதி இறங்கியதுமே ஒரு பக்கம் வாய் பிளந்து சக்கரங்கள் அத்தனையும் எண்ணெயில் கொட்டின. தீ கூரை வரை எழும்பியது. பெனா ஓடவில்லை. கிரேனை ஒதுக்கிவிட்டு நுரைக்குழாயைத் திறந்து அடித்தாள், அடித்தாள், அணையும் வரை அடித்தாள். புருவம் இரண்டும் போய்விட்டன. "போனா போகுது, வரைஞ்சுக்கறேன்" என்று சிரித்தாள். அப்புறம் ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். உலைப் பிரிவின் தலைமை இன்ஜினியர் அழலாமா? அழலாம்.

டைரக்டர் கால்ச்செவ் வந்தார். கூடையைத் திருப்பிப் பார்த்தார். போன மாதம் வெல்டிங் வைத்துச் சரிசெய்த இடத்தை ஒட்டியே விரிசல் ஓடியிருந்தது.

"யாரு வெச்ச வெல்டு இது?"

எல்லாருக்கும் தெரியும். மின்கோவே முன்னால் வந்தான். "நான் வெச்சது சார்."

மே 10

அவனுடைய முகக்கவசத்தை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். சாமான் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள், கையுறை எடுத்துக் கொடுக்க. ஐம்பத்துநான்கு வயது. இந்த ஊரில் பாதிப் படிக்கட்டுக் கைப்பிடிகள் அவன் வெல்டிங் வைத்தவை. சோஃபியாவிலிருந்து ஹாஜியேவ் என்றொரு நிபுணர் வரப்போகிறாராம். வெல்டிங்தான் குற்றம் என்று அவர் எழுதிவிட்டால் மின்கோவின் லைசென்ஸ் போய்விடும். அப்புறம் அவன் கையில் யாரும் வெல்டிங் துப்பாக்கி கொடுக்க மாட்டார்கள், இங்கேயும் சரி, வேறெங்கேயும் சரி.

என் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் வெல்டிங் மோசமென்றால் முதலில் கத்துகிறவள் நான்தான். கத்தியும் இருக்கிறேன். ஆனால் அந்த உடைப்பை நானும் பார்த்தேனே. வெல்டிங் வைத்த வரப்பு அப்படியே முழுசாக இருக்கிறது. உடைந்திருப்பது அதற்குப் பக்கத்து இரும்பு.

மே 11

யோசித்துப் பார்த்தால், அந்தக் கூடையில் கூடை எங்கே இருக்கிறது? ஒட்டுக்கு மேல் ஒட்டு. எங்கள் காப்ரொவோ ஊர்க்காரர்களுக்கு எதையும் தூக்கிப்போடக் கை வராது. கதவு சட்டென்று மூடட்டும், கணப்புச் சூடு வீணாகாது என்று பூனையின் வாலை வெட்டியவர்கள் என்று நாடே எங்களைக் கேலி பேசும். கூடையில் விரிசலா? ஒரு பட்டை வைத்து ஒட்டு. பட்டையும் விட்டதா? அதைவிடத் தடித்த பட்டை. கால்ச்செவ் பெருமையாகச் சொல்வார்: "இந்தக் கூடை என்னைவிட சீனியர்!" எல்லாரும் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

மே 14

மின்கோ உடைந்த கம்பித்துண்டு ஒன்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். சாப்பாட்டு மேசையில் வைத்து அதையே முறைத்துக்கொண்டிருந்தான். சூப் ஆறிப்போயிற்று. நான் குளிர்பெட்டியைத் திறக்கும்போது, போன கோடையில் சொசொப்பொல் கடற்கரையில் வாங்கிய மீன் பொம்மைக் காந்தம் கீழே விழுந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். அது நகர்ந்து போய்க் கம்பியில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் கம்பி துருப்பிடிக்காத எஃகு. நிக்கல் நிறையப் போட்டது. அதில் காந்தம் ஒட்டாது, ஒட்டவே கூடாது. பாத்திரக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியும் இது.

"வெனெதா," என்றான், "இது ஸ்டெயின்லெஸ்தானே?"

"வாங்கும்போது அதுதான்," என்றேன்.

மே 15

கம்பியைக் குறுக்கே வெட்டி, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நடுவில் மட்டும் பழைய எஃகு கொஞ்சம் இருக்கிறது. சுற்றிலும், கம்பியின் பாதி ஆழம் வரை, கரி புகுந்த எஃகு.

மரமண்டை நான்! பத்தொன்பது வருஷமாக இந்த உலையைப் பார்த்துக்கொள்கிறேன். பல்சக்கரத்தின் தோல் கெட்டிப்பட வேண்டும் என்று வாயுவிலிருந்து அதற்குக் கரி ஊட்டத்தானே இந்த உலையே இருக்கிறது? அந்தக் கரி, சக்கரம் எது, கூடை எது என்று ஆள் பார்க்குமா? சக்கரம் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறது. கூடை ஒவ்வொரு பந்தியிலும் உட்கார்ந்து வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறது. நாங்கள் எல்லாரும் சக்கரத்தையேதான் பார்த்தோம். கூடையை யார் பார்த்தார்கள்?

உள்ளே வந்த கரி, எஃகில் இருக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு மணி மணியாக இறுகிவிடுகிறது. குரோமியம் போன மிச்சத்தில் காந்தம் ஒட்டுகிறது. சூடாக இருக்கும்வரை கம்பி எப்படியோ சமாளித்துவிடும். ஆறும்போதுதான் வம்பு. கரி தின்ற தோல் குறைவாகச் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் நல்ல எஃகு அதிகமாகச் சுருங்குகிறது. ஒன்றையொன்று இழுக்கின்றன. நல்ல எஃகாக இருந்தால் நீண்டு கொடுக்கும். கரி தின்றது நீளாது, பிளக்கும். அதிலே போய் வெல்டிங் வைத்தால்? ஓர் இடத்தை மட்டும் உருக்கி ஆறவிட்டால்? பக்கத்தில் இருப்பது விட்டுத்தான் தீரும். யார் வைத்தாலும் விடும்.

யார் வைத்தாலும்!

மே 16

சந்தோஷமாகத்தான் போய்ச் சொன்னேன். "மின்கோ, அதுல வெல்டு வெச்சிருக்கவே கூடாது!"

"அப்ப என் மேலதான் தப்புங்கற."

"நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படித்தான் சொன்ன. வைக்கக் கூடாததுல வெச்சேன்னா யாரு முட்டாள்? நான்தானே? படிச்சவ நீ, எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"எனக்கே நேத்துத்தான்டா தெரியும்!"

கதவை அறைந்துவிட்டுப் போய்விட்டான். பூனைக்கு வால் இருந்திருந்தால் போயிருக்கும்.

மே 18

பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றாலும் எழுந்து போய் அவனே எடுத்துக்கொள்கிறான்.

மே 22

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

ஹாஜியேவ் வந்தார். உயரமான ஆள், அளந்து பேசுகிறவர். கூடையைப் பார்த்த உடனேயே, "வெல்டு விட்டிருக்கு" என்றார். கால்ச்செவ் என்னைப் பார்த்தார். நான், "ஒரு பத்து நிமிஷம் குடுங்க. மின்கோ உங்க கண்ணு முன்னாடியே வெல்டு வைக்கட்டும், அப்புறம் எழுதுங்க" என்றேன்.

மேசையில் இரண்டு துண்டு. ஒன்று அதே வகையில் புதுக் கம்பி. இன்னொன்று கூடையிலிருந்து வெட்டியது. இரண்டையும் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தேன், பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. மின்கோவுக்கு முகக்கவசம் திரும்பக் கொடுத்தார்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டான். இரண்டிலும் வெல்டிங் வைத்தான். என்ன அழகான வரப்பு! ஹாஜியேவே குனிந்து பார்த்து, "கை நல்ல கை" என்று முணுமுணுத்தார்.

"இப்ப யாரும் பேசாதீங்க," என்றேன்.

எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றோம். பக்கத்து உலையின் இரைச்சல் மட்டும். கால்ச்செவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவேளை கேட்காவிட்டால்? ஒருவேளை நான்தான் —

'டிக்.'

பழைய துண்டிலிருந்து. கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டிக்'. ஹாஜியேவ் உருப்பெருக்கியை எடுத்தார். வரப்புக்குப் பக்கத்தில், வரப்பைத் தொடாமல், முடி மாதிரி ஒரு கோடு. புதுத் துண்டு வாயே திறக்கவில்லை.

நான் மீன் பொம்மைக் காந்தத்தை எடுத்தேன். புதுத் துண்டில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. பழைய துண்டில் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கரி, குரோமியம், பந்தி, எல்லாம்.

ஹாஜியேவ் நெற்றியைச் சொறிந்தார். பெனாவுக்குப் பொறுக்கவில்லை. வரைந்த புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "சோஃபியாக்காரங்க வெச்சா உடையாதோ என்னவோ. சார் ஒருதடவை வெச்சுப் பாத்துடுங்களேன்!" என்றாள். எல்லாருக்கும் பகீரென்றது. அந்த மனுஷன் சிரித்துவிட்டார். கோட்டைக் கழற்றி, கவசம் மாட்டி, பழைய கம்பியின் இன்னொரு துண்டில் தானே வெல்டிங் வைத்தார். நன்றாகத்தான் வைத்தார். கவசத்தைத் தூக்கக்கூட இல்லை —

'டிக்.'

பெனா கைதட்டினாள்! ஹாஜியேவ் கையுறையைக் கழற்றிவிட்டு மின்கோவிடம் கையை நீட்டினார். "வெல்டு மேல குத்தமில்லைன்னு எழுதறேன். உங்க லைசென்ஸ் உங்ககிட்டயே இருக்கும்."

எனக்கு அந்த இடத்திலேயே ஹோரோ ஆட்டம் ஆட வேண்டும் போல இருந்தது. கால்ச்செவ் அதில் தண்ணீர் ஊற்றினார். "அப்ப, இன்ஜினியரம்மா, கூடை இனிமே உடையாதா?"

"உடையும். புதுசு வாங்கினாலும் அதுவும் கரி தின்னும், கொஞ்ச நாள்ல உடையும்."

"அப்ப மின்கோ கையுறையே குடுத்துட்டிருக்கட்டும். லைசென்ஸ் அவரோடதா இருக்கலாம், கூரை என்னோடது. தீப்பிடிக்காம வருஷம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

குற்றமில்லை, ஆனால் தண்டனை மட்டும் உண்டாம். மனுஷனா இவர்?

வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தில் மின்கோ நின்றான். "முட்டாள் நான் இல்லைன்னு பத்துப் பேர் முன்னாடி நிரூபிச்சுட்ட," என்றான். "பதினோரு பேர்," என்றேன். தோளில் கை போட்டுக்கொண்டான். இரவுச் சாப்பாட்டின்போது உப்பு கேட்டான், என்னிடம்.

ஜூன் 9

வீட்டில் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டான், பிறகு அண்டை வீட்டுக் கீலுக்கும் போட்டான். வெல்டிங் இல்லாத மின்கோவை நான் பார்த்ததே இல்லை.

இன்று மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டான். "கரி உள்ள போறத நிறுத்த முடியாதா?"

"அந்த உலையில முடியாது. தள்ளிப் போடலாம், அவ்வளவுதான்."

"சரி, தின்னுட்டுப் போகட்டும். உடையறது எதனால? இழுக்கறதால. இழுக்கறது எதனால?"

"எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு இறுக்கி வெச்சிருக்கோம். மெல்லிசுக் கம்பி எண்ணெய்ல சட்டுனு ஆறுது, தடிச்ச பட்டை மெதுவா ஆறுது. நகர எடமில்ல. அதான்."

என் கையைப் பிடித்தான். காதல் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தின் பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! கண்ணி கண்ணியாக, ஊசி கோத்த எஃகுப் பட்டை. மடக்கினான், நீட்டினான். "ஒவ்வொரு கண்ணியும் நகருது," என்றான். மிளகாய் கருகிப்போயிற்று.

ஜூன் 10

என் கடிகாரத்தைப் பிரித்துவிட்டான். கண்ணிகள் எல்லாம் சாப்பாட்டுத் தட்டில் கிடக்கின்றன.

ஜூன் 13

கால்ச்செவ் சாமான் அறைப் பக்கம் வந்து, என்ன சத்தம் என்று கேட்டாராம். மின்கோ சொன்ன பதிலை பெனா வந்து நடித்துக் காட்டினாள்: "வெல்டுதானே சார் வைக்கக் கூடாது? கம்பி வளைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே?" புதுக் கம்பி வாங்கக் கால்ச்செவ் கையெழுத்துப் போட்டார். கையுறை எடுத்துக் கொடுக்கிறவன் சும்மா இருக்கும் நேரத்தில் கூடை செய்கிறான் என்றால், அந்த மிச்சம் பிடிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

ஜூலை 4

கூடை முடிந்தது. அதில் ஒரு பொட்டு வெல்டிங் கிடையாது! கம்பிகளின் முனையை வளையமாக வளைத்து, ஊசி கோத்து, ஊசி ஓடுவதற்கு இடம் விட்டு. தடித்த பட்டை எங்குமே இல்லை. எல்லாம் ஒரே கனம், மெல்லிசு. நான் கணக்குப் போட்டுச் சொன்ன இடைவெளியைவிட ஒரு மயிரிழை அதிகமாகவே விட்டிருக்கிறான். "உன் கணக்கு சரிதான். ஆனா ஊசியும் வளையும்," என்றான். வளையும்தான். அதை நான் விட்டுவிட்டேன்.

தூக்கினால் 'கிலுகிலு'வென்று ஆடுகிறது.

ஜூலை 7

முதல் முறை உலைக்குள் போய் வந்தது. பெனா கிரேனில் கொண்டுவரும்போது அந்தச் சத்தம் இருக்கிறதே! "ஆட்டுமந்தை வருது, வழிவிடுங்க, வழிவிடுங்க!" என்று அவளே கூவினாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கால்ச்செவ் முகம் சுளித்தார். "இதென்ன, ஓட்டை வண்டி மாதிரி? நட்டு கழண்ட கூடையில என் சக்கரத்தப் போடறீங்களே!" அன்றே பெயர் வைத்தாகிவிட்டது: கிலுகிலுப்பை. எண்ணெயில் இறங்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சலசலவென்று இறங்கியது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3

ஐயோ. காலையில் பார்த்தால் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கிறது. போச்சு, எல்லாம் போச்சு, இனி அவன் ஆயுசுக்கும் கையுறைதான் என்று நினைத்தபடி ஓடினேன். ஒவ்வொரு கம்பியாக, சாயம் பூசித் துடைத்து, விரிசல் தேடினேன். ஒன்றும் இல்லை. ஒரு கம்பி வளைந்திருக்கிறது. வளைந்திருக்கிறது, உடையவில்லை! மின்கோ வந்தான். ஊசியை உருவினான், கம்பியை மாற்றினான், ஊசியைக் கோத்தான். நான் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் கூடை திரும்பக் கிரேனில் தொங்கியது. பழைய கூடை என்றால் ஒரு வாரம் வேலை நின்றிருக்கும்.

அழவில்லை. காபி கொட்டியது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 18

ஒன்றுமில்லை. எவ்வளவு நல்ல வார்த்தை.

அக்டோபர் 26

புனித திமித்தர் நாள். ஆனாலும் உலை ஓடியது. பழைய ஒட்டுக் கூடைகளில் கடைசியாக மிஞ்சியிருந்தது, பாதிச் சுமையோடு மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தோமே, அது இன்று தரையில் ஆறிக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், துப்பாக்கி சுட்ட மாதிரி வெடித்தது. ஒரு பட்டை நெட்டுக்குப் பிளந்துவிட்டது. பக்கத்திலேயே கிலுகிலுப்பை தொங்கிக்கொண்டிருந்தது. கறுத்துப்போய், கோணல்மாணலாக, ஆனால் முழுசாக.

கால்ச்செவ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பழசத் தூக்கிப் போட்டுருங்க," என்றார். இந்தத் தொழிற்சாலையில் இந்த வார்த்தையை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பெனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 19

வருஷம் முடியட்டும் என்றாரே, இன்று அவரே வந்தார். வேலை முடியும் நேரம். எல்லாரும் சுற்றி நிற்க, மின்கோவின் முகக்கவசத்தைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். பூட்டி வைத்திருந்ததில் தூசி படிந்திருந்ததாம், தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். "நான் அவசரப்பட்டுட்டேன், மின்கோ. தீயப் பாத்து பயந்துட்டேன்," என்றார். ஒளிக்காமல் சொன்னார், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. "இன்னும் நாலு கூடை வேணும்."

"செஞ்சுடலாம் சார்," என்றான் மின்கோ. "வெல்டு வைக்கவா, வேணாமா?"

கால்ச்செவ் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. ராக்கியா சாராயப் புட்டி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நான் இரண்டு கோப்பை. பெனா எத்தனை என்று எழுதப் போவதில்லை. மின்கோ கவசத்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, கிரீடம் வைத்த ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். என் புருஷன்! ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேனோ என்னவோ, தலை வலிக்கிறது.

பிப்ரவரி 11

செவ்லியெவொ தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கூடை பார்க்க. கால்ச்செவ் அவர்களைக் கிலுகிலுப்பைக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், தானே பிடித்துக் குலுக்கிக் காட்டினார். "கேக்குதா? இந்தச் சத்தம்தான் விஷயம். சத்தம் போடலைன்னா பயப்படணும்." ஓட்டை வண்டி என்று சொன்ன அதே வாய்! மின்கோ எனக்குக் கண்ணடித்தான்.

மார்ச் 1

எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையும் திரித்த மார்ச் மாதக் கயிறு. பெனா கிரேன் கொக்கியிலும் ஒன்று கட்டிவிட்டாள், "கிலுகிலுப்பைக்கு ஆயுசு நூறு" என்று. அவள் புருவமும் முளைத்துவிட்டது, முன்பைவிட அடர்த்தியாக.

கூடையிலிருந்து மாற்றிய ஒரு கம்பியை எடுத்துவந்து மீன் பொம்மையை வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒட்டியது. பழைய கூடை தின்ற அதே கரியைத்தான் இதுவும் தின்றிருக்கிறது. தோல் அப்படியே இறுகிப்போயிருக்கிறது. விரிசல் மட்டும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

மாலையில் மின்கோ ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தான். என் கைக்கடிகாரம். போன ஜூனில் பிரித்துப் போட்டதை இப்போதுதான் கோத்திருக்கிறான். மாட்டிப் பார்த்தால் தொளதொளவென்று முழங்கை வரை ஓடுகிறது.

"ரெண்டு கண்ணி அதிகமாப் போட்டுட்ட," என்றேன்.

"தெரியும். கொஞ்சம் எடம் இருக்கட்டும்," என்றான்.

கழற்றவில்லை. இதை எழுதும்போதுகூட மேசையில் இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது.